பாலத்து அந்தோனியார்

புலம்பெயர்ந்து எசன் நகருக்கு அருகே நாங்கள் குடியிருந்த சின்ன ஊரைப் பற்றி, போய்ச் சில வருடங்களாகியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கடையில் கோழி மலிவு என்பதுதான். என் மனைவிக்குக் கூடுதலாக ஒன்று தெரியும். ஆற்றுப் பாலத்தின் நடுவில் அந்தோனியார் நிற்கிறார்.

மழையில் முகம் கரைந்த கற்சிலை அது. ஒரு கை முழங்கையோடு இல்லை.

“அந்தோனியார்ர கையில இருக்கிற குழந்தை யேசுவைக் காணேல்லையே?” என்று கேட்டேன்.

“சண்டையில குண்டு விழுந்து உடைஞ்சிருக்கும்,” என்றாள்.

அந்தோனியாரைக் கும்பிட்டு வளர்ந்த மன்னார்க்காரியிடம் அவரைப் பற்றி வாதாட நான் யார்? அவள் முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குத் தன் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அம்மாவின் விசாவோ இழுத்துக்கொண்டே போனது. அந்தோனியாருக்குரிய செவ்வாய் தவறாமல் பாலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பூ வைத்து வந்தாள்.

அந்த வசந்தத்தில் நகரசபை ஊரைச் சுற்றிக் காட்டியது. இலவசம், முடிவில் கேக்கும் கோப்பியும் உண்டு என்பதால் போனோம். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் கூட்டிப்போனார். சாய்ந்த கோபுரம், மாவரைக்காத மாவாலை, எரிந்து மறுபடி கட்டிய நகர மண்டபம். அவர் சொன்ன நூற்றாண்டுகளில் ஒன்றுகூட என் மண்டையில் ஏறவில்லை. பிறகு பாலத்துக்கு வந்தோம்.

“இவர் நெப்போமுக். அரசன் இவரை ஆற்றில் தள்ளிக் கொன்றான். அன்றிலிருந்து பாலங்களைக் காக்கும் புனிதர்.”

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆசிரியரும் விடுவதாயில்லை. “குளிர்காலத்திலிருந்து யாரோ செவ்வாய்தோறும் இவருக்குப் பூ வைக்கிறார்கள். ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது!”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேக் அவளுக்கு இறங்கவில்லை. “இவ்வளவு நாளும் வேற ஆளிட்டையெல்லோ கேட்டிருக்கிறன்?” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

“கோயில்ல உண்மையான அந்தோனியார் இருக்கிறார். வாற செவ்வாய் அங்க போவம்,” என்றேன்.

கேக் தட்டைத் தள்ளிவைத்தாள். “ஏலாது. மனுசன் மழையிலயும் பனியிலயும் நிண்டு முழுக்கதையும் கேட்டிட்டார். இனி இன்னொருத்தருக்கு முதல்ல இருந்து சொல்லுறதே?”

செவ்வாய்க்கிழமை வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கே போனாள்.

கோடையில், பிரசவத்துக்குச் சற்று முன்னர், விசா கிடைத்து, அவளுடைய அம்மா, என் மாமி, வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து நேரே பாலத்துக்குக் கூட்டிப்போனோம். மாமி கையில்லாத சிலையை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவர் ஆர் பிள்ளை?”

“எங்கட ஊர்க்காரர், அம்மா. இவர்தான் உங்களைக் கூப்பிட்டவர்.”