தெரியவில்லை என்று ஒரு கட்டம்

புகைப்பட அட்டை கைக்கு வந்ததும் அவர் அதைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். கெட்டி அட்டை; வெளிச்சம் ஊடுருவாது. அது அவருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே அறையில் படம் பார்த்த கை, தானாக மேலே போகிறது. "வெளிச்சத்துல புடிக்காம எந்தப் படத்தைப் பாத்தாலும் பாத்த மாதிரியே இல்லைம்மா" என்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவியிடம். பிறகு அட்டையை மேசையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்திலிருக்கும் ஆளை நன்றாக முறைக்கிறார்.

முறைப்பு என்பது பார்க்கிறவர்கள் வைத்த பெயர். அவருக்கு அதுதான் சாதாரண முகம். பிறந்ததிலிருந்தே இரண்டு புருவங்களும் நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. உதட்டின் ஓரங்கள் கீழே இறங்கியிருக்கின்றன. மனசு குளிர்ந்து கிடக்கும்போதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆஸ்பத்திரியில் அவர் காதுபட அவருக்குப் பெயர் எக்ஸ்ரே அக்கா. காதில் விழாது என்று நினைத்துச் சொல்லும் பெயர் கடுகடு.

உள்ளே வரும் நோயாளிகள் ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள்போல வருவார்கள். வெளியே போகும்போது "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் கருத்துப் பெட்டி இருந்ததோ நுழைவாசலில். காத்திருக்கும்போது பொழுது போகாமல்தான் எல்லோரும் சீட்டு எழுதினார்கள். "எக்ஸ்ரே எடுக்கும் அம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லை" என்று வருடத்துக்குப் பத்துச் சீட்டாவது விழும். பிரிவின் பொறுப்பாளர் பதவிக்கு அவர் இரண்டு முறை நேர்காணலுக்குப் போனார். இரண்டு முறையும் அவரிடம் தொழில் கற்றவர்களுக்கே அது கிடைத்தது. "அரவணைக்கும் சுபாவம் போதாது" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது மொத்தம் நாலு நிமிஷம்.

அந்த நாட்களில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாள் வந்து ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாதவரை முதல் பார்வையில் எப்படி எடை போடுகிறோம் என்று ஓர் ஆராய்ச்சி. அதற்கு ஆட்கள் தேவை. வீட்டில் சொன்னபோது எலக்ட்ரீஷியனான கணவர் சோற்றிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? உன்னைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா ஆச்சு."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா சாப்பிடுங்க" என்றவர், சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நின்றார்.

போனதும் அவரையே ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த குழுவுக்குக் காட்டுவதற்காம். பிறகு நாற்பது அட்டைகள். ஒவ்வொரு முகமும் எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒன்று முதல் ஏழுக்குள் எண் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை வாங்கிப் பார்த்த மாணவிக்குத் தலை சுற்றியது. முப்பத்தொன்பது முகங்களுக்கு நேரே, குண்டு குண்டாக, "தெரியாது". ஒன்றுக்கு மட்டும் ஏழு.

"இவரு எங்க ஆம்புலன்ஸ் டிரைவர். பதினஞ்சு வருஷமா பழக்கம்" என்றார்.

"அக்கா, தெரியணும்னு இல்லை. சும்மா, மனசுல என்ன தோணுதோ அதைப் போட்டாப் போதும்."

"தோணுறது வேற, தெரியறது வேறம்மா."

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. படிவம் முழுமையாக இல்லாததால் நீக்கப்பட்டதாம்; ஒத்துழைப்புக்கு நன்றியாம். அவர் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை மூன்று மாடி ஏறி, மாணவியைத் தாண்டி, நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனார். அந்த முகத்தைக் கண்டதும் பேராசிரியர் நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"சார், நான் தாளைக் காலியா விட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. நாப்பதுக்கும் பதில் எழுதியிருக்கேன்."

"தெரியாதுன்னு எழுதினா எப்படிம்மா கணக்குல எடுக்கிறது?"

"எங்க ரூம்ல படம் கலங்கலா விழுந்தா, 'தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்'னு எழுதி அனுப்புவோம் சார். அதுவும் ரிப்போர்ட்தான். கலங்கல் படத்தை வச்சுக்கிட்டு நான் வாய்க்கு வந்ததை எழுதினா, நல்ல காலுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பிருவாங்க. நீங்க ஒரு முகத்தைக் காட்டி, கட்டு போடு போடுங்கறீங்க. என்னால முடியாது."

பேராசிரியர் எழுந்து, எதிர் நாற்காலியிலிருந்த புத்தகக் கட்டைத் தன் கையாலேயே தூக்கிக் கீழே வைத்தார். "உக்காருங்க. அந்த மாவுக்கட்டு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

ஆராய்ச்சி புதிதாகத் தொடங்கியது. எண்பது பேருக்குப் பழைய படிவம். இன்னும் எண்பது பேருக்குக் கொடுத்ததில் ஏழு எண்களோடு எட்டாவதாக ஒரு கட்டம்: தெரியவில்லை. எக்ஸ்ரே அக்காவின் படம் பதினேழாவது அட்டை. பழைய படிவக்காரர்கள் அவருக்குப் போட்ட சராசரி இரண்டைக்கூடத் தொடவில்லை. நாற்பது முகங்களில் அதுதான் கடைசி. எட்டாவது கட்டம் கிடைத்தவர்களில் ஐம்பத்தொன்பது பேர் அவர் படத்துக்கு அதில் டிக் அடித்திருந்தார்கள். பிறகு இரண்டு குழுவிலிருந்தும் பத்துப் பத்துப் பேரை அழைத்து, ஒவ்வொருவரையும் அவரோடு பத்து நிமிஷம் பேசவிட்டு, மறுபடி எண் கேட்டார்கள். முன்பு இரண்டு போட்டவர்களுக்கு அதை மூன்றாக்கவே கை வரவில்லை. தெரியவில்லை என்றவர்கள் ஆறும் ஏழுமாகப் போட்டார்கள்.

முடிவை அறிவித்த அன்று அரங்கம் நிறைந்திருந்தது. எட்டாவது கட்டம் யாருடைய யோசனை என்று சொல்லி, பேராசிரியர் அவரை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தார். இருநூறு பேர் கை தட்டினார்கள். அவர் இருநூறு பேரையும் முறைத்தார். கடைசி வரிசையில் கணவர் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எம்பது பேர்ல அம்பத்தொம்பது பேருக்கு என்னைத் தெரியலையாம்" என்று அன்று மாலை தங்கைக்கு போன் போட்டார்.

"இதுல என்னக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"உனக்கு எங்கடி புரியப் போகுது. அத்தனை பேரு தெரியலைன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க."

மூன்றாவது நேர்காணலுக்கு அந்தத் தெம்போடுதான் போனார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலியை இழுக்கும் முன்பே நடுவிலிருந்தவரின் பேனா தாளைத் தொட்டுவிட்டது.

"சார், ஒரு உதவி. பேனாவைப் பத்து நிமிஷம் கீழ வைங்க. நான் பேசறேன். அப்புறம் உங்களுக்கு என்ன தெரியுதோ அதைப் போடுங்க."

நடுவிலிருந்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். பேனாவை மூடிவைத்தார். தோள் நொறுங்கி வந்தவரை வலிக்காமல் எப்படித் திருப்புவது, பயத்தில் மூச்சை அடக்கத் தெரியாதவரை எப்படி அடக்கவைப்பது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாயிற்று. கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள்தான் விடவில்லை. மறுவாரம் பொறுப்பாளர் உத்தரவு கைக்கு வந்தது. பதவியேற்ற அன்றே கருத்துப் பெட்டியைக் கழற்றி, வெளியே போகும் வழியில் மாட்டச் சொன்னார்.

பொறுப்பாளருக்குத் தனி மேசை உண்டு. ஆனாலும் காலையில் முதல் பத்துப் படங்களை இப்போதும் அவரேதான் எடுக்கிறார். நேற்று வந்த முதல் ஆள் இருமலோடு வந்த ஒரு பெரியவர். சட்டையைக் கழற்றிவிட்டு, ஒட்டிய மார்பைக் கைகளால் மூடிக்கொண்டு உள்ளே வந்தவர், எக்ஸ்ரே அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டார்.

"வாங்கய்யா. இதுமேல தாடையை வைங்க. நெஞ்சை ஒட்டி நிக்கணும். கொஞ்சம் இருங்க."

புருவம் இடித்தது இடித்தபடியே இருக்க, பெரியவரின் நெஞ்சு படவேண்டிய அந்தக் குளிர்ந்த பலகையின்மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்தார். அதில் சூடு ஏறும்வரை எடுக்கவில்லை.