கம்பி தெரிந்தவர்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்கள் ஏணி சாத்தியதுபோலச் செங்குத்தாக நிற்கும். உழவு இயந்திரம் ஏறாது, ஹெலிகொப்டரில்தான் மருந்தடிப்பார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சில கோடைகள் அந்த வேலைக்குப் போனேன். என்னோடு மன்னார்க்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர். அவர் மருந்து கலப்பார், நான் குழாய் பிடித்து ஹெலிகொப்டரின் மருந்துத் தாங்கியை நிரப்புவேன்.

அந்த வேலையில் எமன் மின்கம்பிதான். பச்சைச் சரிவுக்கு முன்னால் அது கண்ணில் படவே படாது; கம்பங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எங்கள் விமானி, ஐம்பதைத் தாண்டிய ஜெர்மானியர், தினமும் காலையில் மருந்தில்லாமல் ஒரு சுற்றுப் பறந்து கம்பங்களைப் பார்த்துவிட்டு வருவார். இயந்திரத்தை நிறுத்தாமலே நிரப்புவதால் பேச்சுக்கு வழியில்லை. கிளம்பும் ஒவ்வொரு முறையும் நான் இரண்டு கைகளையும் அகல விரிக்க வேண்டும்: கம்பி. அவர் ஒரு விரலை உயர்த்துவார்: தெரியும். விரல் உயராமல் நான் விலகக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். எனக்கு எரிச்சலாக இருக்கும். நாள் முழுக்கப் பார்க்கிற கம்பியை எத்தனை தடவைதான் ஞாபகப்படுத்துவது?

அன்று வேலை முடிந்த நேரம் தோட்டக்காரர் ஓடிவந்தார். கம்பத்தடியில் ஒரு மூலை விடுபட்டுவிட்டதாம். கொஞ்சம் மருந்து ஊற்றினோம். கையை விரித்தேன், விரல் உயர்ந்தது, போனார். எப்போதும் கம்பத்துக்கு மேலால் ஏறித் திரும்புகிறவர், மூலையை அடித்துவிட்டு மேலே ஏறாமல் நேரே எங்களை நோக்கி வந்தார். சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு மலை அதிர விழுந்த சத்தம்.

மன்னார்க்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீ கை காட்டினனியோ?"

"ஓம் அண்ணை. அவரும் விரல் காட்டினவர்."

"பேந்து ஏன் கம்பிக்குள்ள வந்தவர்?"

எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குப் போகிற அவசரமோ, பசியோ. செத்துக் கிடந்த மனிதர் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

பொலிசார் விசாரித்து, எங்களில் பிழையில்லை என்றார்கள். அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது அவருடைய மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கம்பி அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் பழி என் தலையில். தெரியும் என்றால், கவனமில்லாமல் அவரே தன் உயிரை விட்டார் என்று அவர் மனைவிக்கே சொன்னதாகும்.

"தெரியும். நான் காட்டினேன். அவர் விரலை உயர்த்தினார்."

அந்த அம்மா என் கையை விடவில்லை. "நீங்கள் காட்ட மறந்திருந்தால் நல்லது," என்றார். "திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்."