பயணப்பெட்டி தூக்கிய யானை

ராஜலட்சுமிக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கல்யாணமாகி ஓசூர் வந்தவர், சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து லைன் லீடர் வரைக்கும் உயர்ந்தார். இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகியதால் ரகசியம் என்பதே அவருக்கு வராது. காதோடு காதாகச் சொன்னாலும் கேன்டீனின் கடைசி மேசை வரை கேட்கும்.

ஒருநாள் கரண்ட் போய் லைன் நின்றுவிட்டது. தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்யும் சுவாதி, பையிலிருந்து ஒரு பலகை விளையாட்டை எடுத்துக் கேன்டீன் மேசையில் விரித்தாள். விளையாட்டின் பெயர் ‘யானை வழி’. பலகையின் ஒரு ஓரத்தில் சானமாவுக் காடு. நடுவில் ராகி, தக்காளி, ரோஜாத் தோட்டங்கள். ஒருவர் யானைக்கூட்டம், மற்றவர்கள் விவசாயிகள். தன் முறை வரும்போது சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதில் சொன்னபடி காயை நகர்த்த வேண்டும். யானை தின்றுகொண்டே மறுகரை சேரவேண்டும், விவசாயிகள் மடக்க வேண்டும்.

“நான் ஆனை” என்றார் ராஜலட்சுமி. வேறு யாரையும் கேட்கவில்லை. கரண்ட் வருவதற்குள் ஒருவர் தோட்டம்கூட மிச்சமில்லை. அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பெயர் ஆனக்கா.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் கூட்டம் சேர ஆரம்பித்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை நடக்கும். ராகி போடும் முனிவேல், நிஜ யானையோடு வாரமெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு, அட்டை யானையோடு மல்லுக்கட்ட ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருவார். “நெசத்துல தொரத்த முடியல, இங்கயாச்சும் தொரத்திக்கறன்” என்பார். இங்கேயும் முடிந்ததில்லை.

அந்த விளையாட்டை உருவாக்கியது பெங்களூரில் இருந்த நாற்கட்டம் என்ற சிறு நிறுவனம். படம் வரைந்ததும் தமிழில் விதி எழுதியதும் அனிதா என்ற ஒரே பெண். பிறகு நிறுவனம் கைமாறியது. சௌந்தரராஜன் என்பவர் தலைமை அதிகாரியாக வந்தார். வந்த வேகத்தில் அனிதாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, புதிய பதிப்பு வரப்போவதாக வீடியோவில் அறிவித்தார். படங்களை ஏஐ வரைந்ததா என்று விளையாடுகிறவர்கள் கேட்டதற்கு, “எல்லாமே மனிதர்களின் மேற்பார்வையில் உருவானவை” என்று பதில் வந்தது.

ராஜலட்சுமி அந்த வரியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். “மேற்பார்வைன்னா என்னா தெரியுமா? எங்க மேனேஜர் ஏசி ரூம்ல உக்காந்து பாக்குறாருல்ல, அது.”

பழைய பதிப்பு வேறெங்கேயும் விற்காத அளவுக்கு ஓசூரில் விற்றிருந்ததால், வெளியீட்டு விழாவையும் இங்கேயே வைத்தார்கள். ஹோட்டல் எல்லாம் வேண்டாம், ரசிகர்கள் கூடும் இடத்துக்கே வருகிறேன் என்று சௌந்தரராஜன் பேக்கரி மாடிக்கே வந்தார். கையில் சக்கரம் வைத்த பயணப்பெட்டி, அதற்குள் புதுப் பெட்டிகள். நல்ல சிரிப்பு, நல்ல சட்டை. முதல் பெட்டியை முனிவேல் கையில் கொடுத்தார்.

முனிவேல் அட்டைப்படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“என்னாங்க சார், இந்த ஆனைக்கு அஞ்சு காலு? நாலு காலோட வந்தே எங்கொல்லை காலியாவுது!”

மாடி அதிர்ந்தது. சௌந்தரராஜனும் சிரித்துச் சமாளித்தார். “சின்ன பிரிண்டிங் விஷயம்ங்க. விளையாடிப் பாருங்க, அனுபவம் சூப்பரா இருக்கும். விதிகளை ரொம்ப எளிமையாக்கியிருக்கோம்.”

“அப்ப நீங்களும் உக்காருங்க சார்” என்றார் ராஜலட்சுமி. “புத்தகத்துல உள்ளபடியே ஆடுவோம். ஒரு எழுத்து மாறப்படாது.”

அவர் உட்கார்ந்தார். சுவாதி புதிய விதிப்புத்தகத்தைத் திறந்து முதல் விதியை வாசித்தாள். “ஒவ்வொரு வீரரும் தன் திருப்பத்தில் ஓர் அட்டையை வரையவும்.”

“எடுக்கவும்னு அர்த்தம்” என்றார் சௌந்தரராஜன் அவசரமாக. “இங்கிலீஷ்ல டிரான்னா எடுக்கறதும்தான், வரையறதும்தான். அதை அப்படி…”

“வரையவும்னுதான் போட்டுருக்கு. வரைங்க சார்.”

பேக்கரியிலிருந்து கேக் டப்பாக்களின் அட்டையும் பேனாவும் வந்தன. தலைமை அதிகாரி குனிந்து யானை வரையத் தொடங்கினார். முதலில் கூச்சப்பட்டவர், போகப்போக நாக்கைக் கடித்துக்கொண்டு முனைந்தார். முடித்ததும் முனிவேல் வாங்கிப் பார்த்தார். “பன்னிங்களா சார்?” என்றார் மரியாதையாக. “ஆனா காலு கரெக்டா நாலு போட்டுருக்கறீங்க.” கைதட்டல் விழுந்தது.

இரண்டாவது விதி: “வரைந்த பின் வீரர் முழுமையாகத் திரும்பவும்.” சௌந்தரராஜன் எழுந்து நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்து முனிவேல் வரைந்தார், சுற்றினார். சுவாதி வரைந்தாள், சுற்றினாள். பின்னால் நின்றவர்களும் விளையாட்டில் இல்லாமலேயே சுற்ற ஆரம்பித்தார்கள். கீழே பேக்கரிக்காரர், மேலே என்ன கூத்து என்று தெலுங்கில் கத்தினார்.

மூன்றாவது விதியை வாசிக்க முடியாமல் சுவாதி இரண்டு தடவை சிரித்து நிறுத்தினாள். “யானை தன் பயணப்பெட்டியால்… இரண்டு தக்காளிகளை… உயர்த்தும்.”

எல்லார் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. சௌந்தரராஜனின் சக்கரப்பெட்டி சுவரோரம் நின்றிருந்தது. தும்பிக்கைக்கும் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதை அவரே விளக்கப் பார்த்தார். யாரும் கேட்கும் நிலையில் இல்லை. கீழிருந்து இரண்டு தக்காளி வந்தது. ராஜலட்சுமி பெட்டியைக் கிடத்தி, தக்காளிகளை அதன் மேல் வைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிளிறினார். அந்தப் பிளிறலைத் தேர்ப்பேட்டையில்கூடக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு தக்காளி உருண்டு நல்ல சட்டையின் மேல் விழுந்தது.

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு சௌந்தரராஜனுக்கு அப்போதுதான் பீறிட்டது. தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ராஜலட்சுமி பெட்டியை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது. “ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீக. இந்தப் புத்தகத்த நீங்க படிச்சீகளா சார்?”

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. “இல்லைங்க மேடம். எங்க டீம்ல யாருமே படிக்கலை. படிக்கிற ஆளைத்தான் வேண்டாம்னு அனுப்பிட்டோம்.”

“எங்க லைன்ல ஒரு பீஸ செக் பண்ணாம வெளிய விட்டா, எவனோ ஒருத்தன் வண்டி நிக்காது. இதுல உசுரு போகாது, சரி. ஆனா ஆறு நாள் உழைச்சுட்டு ஒரு நாள் சிரிக்க வர்றோம். அதையும் படிச்சுப் பாக்காமக் குடுத்தா எப்படி சார்?”

சௌந்தரராஜன் சட்டைக் கறையைப் பார்த்தார், பிறகு தன் யானையைப் பார்த்தார். “இதை நான் ஆபீஸ்ல மாட்டறேன்” என்று அந்தக் கேக் அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

ராஜலட்சுமி அவரை நம்பவில்லை. “நல்லாச் சிரிக்காரு, அது வேற. முதலாளிமார் முன்னாடி போயி என்ன சொல்லுதாருன்னு பாக்கணும்.” சௌந்தரராஜன் சுற்றியதை யாரோ எடுத்த வீடியோ பெங்களூர், சென்னை, கோவை என எல்லா விளையாட்டுக் குழுக்களிலும் ஓடியது. வாங்க மாட்டோம் என்ற குரல்கள் கூடின. முதலாளிகளை மசிய வைத்தது சௌந்தரராஜனின் பேச்சா, அந்தச் சுற்றா என்று இன்றுவரை தெரியாது. அச்சான பெட்டிகள் திரும்பிப் போயின. அனிதாவைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் மேல் தன் பெயர் இருந்தால்தான் வருவேன் என்றார் அவர். ஒப்புக்கொண்டார்கள்.

திருத்திய பெட்டி வந்த ஞாயிறு மாடியில் நிற்க இடமில்லை. அத்திப்பள்ளியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். விதிப்புத்தகத்தைச் சந்தேகத்தோடு வரி வரியாக வாசித்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ‘கொத்தமல்லி’ என்பது ‘கொத்தமள்ளி’ என்று இருந்தது.

சுவாதி உடனே அனிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஐயையோ, அது நான்தாங்க!” என்று அந்தப் பக்கம் குரல் பதறியது. “எனக்குச் சின்ன வயசுல இருந்தே லகரம் தகராறு.”

“மனுசத் தப்பு! மனுசத் தப்பு!” என்று ராஜலட்சுமி துள்ளினார். மாடியே சேர்ந்து கத்தியது. அனிதா போனில் திகைத்து, பிறகு சேர்ந்து சிரித்தார்.

அன்று விவசாயிகள் முதன்முறையாக யானையைக் காட்டுக்குத் திருப்பினார்கள். முனிவேல் மேசை மேல் ஏறி ஆடினார். தோற்ற ராஜலட்சுமி, “இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம்” என்று சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே இருந்தார், அத்திப்பள்ளி போகும் கடைசி பஸ் கீழே ஹாரன் அடிக்கும் வரைக்கும்.