வெள்ளைப் பனியில் வெள்ளை எழுத்து

அன்று அது மூன்றாவது கூட்டம். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. பூச்சிமருந்து அடித்த தேயிலைக் காடுகளுக்குள் ஒரு வாரம் யாரும் போகக் கூடாது என்று எஸ்டேட் தொழிலாளர்களுக்குச் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அழகாக இருக்கட்டுமே என்று பனி மூடிய மலைச்சரிவின் படத்தைத் திரையில் போட்டு, அதன்மேல் வெள்ளை எழுத்தில் காடுகளின் பெயர்களை எழுதியிருந்தேன். திரையில்தான் இருக்கிறதே என்று வாசிக்கவில்லை. “புரிஞ்சுதுங்களா?” என்றேன். மூன்று கூட்டத்திலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

லேப்டாப்பை மூடும்போது கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா வந்தார்.

“ஏனுங்க தம்பி, எந்தக் காடுன்னு போட்டிருந்தீங்க? பனிதான் தெரிஞ்சுதுங்க.”

“அப்புறம் எதுக்குங்க தலையாட்டுனீங்க?”

“எங்களுக்குத்தான் படிக்க வரலைன்னு நெனச்சோமுங்க. அத்தனை பேர் முன்னால எப்படிக் கேக்கறது?”

பெயர்களைச் சொன்னேன்.

“ஐயோ, மேல்காட்டு வழியாத்தானுங்களே எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போறா!”

வாசலில் நின்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டேன். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று வைத்தேன். கடைசி வரிசைப் பெண்கள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்கள். முதல் இரண்டு கூட்டத்துக்கு வந்தவர்களைத் தேடி, இருட்டும்வரை தொழிலாளர் குடியிருப்பான லயன்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவர்கூடத் திட்டவில்லை. “டீ குடிச்சுட்டுப் போங்க” என்றார்கள்.

எந்த ஆபீசில் எந்தத் தாளை நீட்டினாலும் என் அம்மாவும் அப்படித்தான் தலையாட்டுவார். அதைப் பார்த்தே வளர்ந்த நான், அன்று அதை நம்பிவிட்டேன்.