பலிக்காத டானிக்

இரண்டு வருடம் முன்பு, வேளாண்மை முதுகலை கடைசி வருடம். சேவுகம்பட்டி பக்கம் ஓர் அக்காவின் மல்லிகைத் தோட்டத்தில்தான் என் ஆய்வு. மொட்டு நிறைய வைக்கும் என்று எல்லாரும் புகழ்ந்த ஒரு டானிக்கைப் பாதி வரிசைகளுக்கும், வெறும் தண்ணீரை மீதிக்கும் தெளித்தேன். எதற்கு எது என்று அக்காவுக்குத் தெரியாது. அவரே பூப்பறித்து, வரிசைவாரியாக எடை போட்டுக் கொடுத்தார்.

சீசன் முடிந்து கணக்குப் போட்டால், சப்பென்று ஆகிவிட்டது. வித்தியாசம் இருந்தது, ஆனால் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

"இத எந்த ஜர்னல் போடும்? நிழல் விழுதுன்னு சொல்லி ரெண்டு வரிசையக் கணக்குலருந்து தூக்கிரு" என்றாள் அறைத்தோழி. கை கூசியது. ஆனாலும் தூக்கிப் பார்த்தேன். அடேயப்பா, டானிக் ஜெயித்துவிட்டது! அப்படியே அனுப்பவும் மனசில்லை, உள்ளதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அக்கா போனில் கேட்கும்போதெல்லாம், "கணக்கு இன்னும் முடியலக்கா" என்று நழுவினேன்.

அடுத்த சீசனுக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. தோட்டம் முழுக்கத் தெளிக்க, வரிசையாக டானிக் கேன்கள்! பதறிப்போய் பஸ் ஏறினேன்.

"அக்கா, அது வேலை செய்யலக்கா."

"ஏத்தா, சரியில்லேன்னா நீ சொல்லியிருப்பேன்னுல்ல நெனச்சேன்!"

வரப்பில் நின்ற பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மெதுவாக, "நானும் போன வருசம் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் காணோம்" என்றார்.

"அத ஏண்ணே அப்பவே சொல்லல?" என்றார் அக்கா.

"பூத்தா ஊரக் கூட்டிக் காட்டலாம். பூக்காதத யாருகிட்டப் போயிச் சொல்ல?"

"ரெண்டு பேரு வாயிலயும் என்ன, கொழுக்கட்டையா?"

அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது. நல்லவேளை, கேன்களைப் பிரிக்கவில்லை, கடைக்கே திரும்பின.

அன்றைக்கே அந்த இரண்டு வரிசைகளையும் திரும்பச் சேர்த்து, உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதல் ஜர்னல், 'புதிதாக ஒன்றுமில்லை' என்று திருப்பியது. இரண்டாவது வெளியிட்டது. அதற்குள் அக்கா பூ விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட, "எனக்கும் அதே கததான்" என்று ஐந்து பேர் வரிசைகட்டி வந்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் 'அபார பலன்' என்று எதைப் படித்தாலும், அதையே செய்துபார்த்து ஒன்றும் காணாமல் பேசாதிருந்தவர்களைத் தேடுகிறேன். தேடினால் கிடைக்கிறார்கள், கேட்டால் சொல்லவும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.