டாட் காம் நழுவிப்போன பட்சணக் கடை

ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். டொமைன் பெயர் வாங்குவதும் அதில் சேர்த்தி என்பது பழவங்காடியில் வெப் டிசைனராகச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். முதலாளி சுரேஷ் சார், நான், ஓட்டை கம்ப்யூட்டர், அடிக்கடி அறுந்துபோகும் டயல்-அப் இணைப்பு. அவ்வளவுதான் கம்பெனி.

கோட்டைக்குள் கல்யாணச் சீர் பட்சணம் செய்துகொடுக்கும் கோமதி மாமி, தன் மகன் ரமேஷோடு வந்தார். அவருடைய முறுக்குக்கு துபாயில்கூட ஆள் இருந்தது. வெளிநாட்டு ஆர்டரை வெப்சைட்டில் பிடித்துவிட்டால் ரமேஷ் கல்ஃபுக்குப் போக வேண்டாம். மாமிக்கு அவனை விட்டால் யாரும் இல்லை.

"இவன் இங்கயே இருக்கணும். அதுக்குத்தான் இத்தனையும்" என்றார்.

அவர்கள் கேட்டது, அந்தப் பட்சணத்துக்கு ஊரே சொல்லும் பொதுப் பெயர். தேடினேன். டாட் காம் காலியாக இருந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

"மாமி, இப்பவே ரெஜிஸ்டர் பண்ணிரலாம்."

"கர்க்கடகத்துலயா? நன்னா சொன்னேள் போங்கோ! சிங்கம் பொறக்கட்டும்."

நம்முடைய ஆடிதான் இங்கே மலையாளக் கணக்கில் கர்க்கடகம். ஆவணி பிறந்தால் சிங்கம்.

"அதுக்குள்ள யாராவது எடுத்துட்டா?"

"நம்மாத்து பட்சணத்தோட பேரை எவன் எடுக்கப்போறான்?"

சுரேஷ் சாரைப் பார்த்தேன். "அது அவங்க விஸ்வாசம் அல்லேடோ, அவங்க நம்பிக்கை. நீ டிசைன பாரு" என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சிங்கம் பிறந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். மாமி மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். தட்டினேன். டாட் காம் போயிருந்தது. வேறு ஊரில் பட்சண வியாபாரம் செய்யும் யாரோ எடுத்திருந்தார்கள்.

மிச்சமிருந்ததில் தேட வேண்டியதாயிற்று. டாட் ஆர்க் என்றால் டிரஸ்ட் என்று நினைப்பார்கள். டாட் பிஸ் அப்போது யாருக்கும் தெரியாது. டாட் கோ டாட் இன்னுக்குக் கம்பெனி பதிவுச் சான்று வேண்டும். மாமியிடம் இருந்தது அடுப்பும் வாணலியும்தான். கடைசியில் டாட் நெட் எடுத்தோம். ரமேஷ் அதைப் பட்சணப் பெட்டிமேல் பெரிதாக அச்சடித்தான்.

ஒன்றும் பலிக்கவில்லை. பெட்டியில் என்ன இருந்தாலும் ஜனங்களின் விரல் டாட் காம் என்றுதான் அடித்தது. ஆர்டர் எல்லாம் அந்த இன்னொருவருக்குப் போனது. மாமியின் தொலைபேசிக்கு வந்தது புகார் மட்டுமே. துபாயிலிருந்து தூரத்து உறவுக்காரி ஒருத்தி, "என்ன மாமி, முறுக்கு கல்லாட்டம் இருக்கு, கை மாறிப்போச்சா?" என்று கேட்டாளாம். அது மாமி அனுப்பிய முறுக்கே இல்லை.

அடுத்த ஆண்டு ரமேஷ் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். டொமைனைப் புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்க மாமி வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

இப்போது யார் புதுத் தொழிலுக்குப் பெயரோடு வந்தாலும் முதலில் டாட் காமை என் கைக்காசில் எடுத்து வைத்துவிட்டுத்தான் நாள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவிடுகிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அன்று அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது மாமி கேட்ட கேள்வி.

"பிள்ளை போனது போகட்டும். அந்தக் கல்லு முறுக்கை வாங்கித் தின்னவா எல்லாம் அது நான் பண்ணினதுன்னுதானே நினைச்சுண்டிருப்பா?"