ஒரு எழுத்துகூட மாறாமல்

எண்பதுகளின் நடுவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், அந்த மனிதரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவே இல்லை. அலுவலகத்தில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் ஒட்டி உறவாடுவோம் என்று மற்றவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். மதியம் தேக்கா மார்க்கெட்டில் ஒரே கடையில் பிரியாணி வாங்குவோம், வேறு வேறு மேசையில் சாப்பிடுவோம்.

அவர் புரோகிராம் எழுதுகிறவர். அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. துவாஸில் ஒரு பெரிய ஆலைக்காக எழுதிக்கொண்டிருந்தோம். அங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் எங்கள் டெர்மினலில் பதிந்தால், அது தொலைபேசிக் கம்பி வழியாகப் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும். பதிவில் இருப்பவருக்குத்தான் வாசலில் பாஸ் கிடைக்கும், பதிவில் இல்லாதவர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நான் வேலையில் சேர்ந்து தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை நிரந்தரமாகாவிட்டால் கீழ் மாடியில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு டிப்ளமா இருந்தது, வாயும் இருந்தது. இரண்டுமே என் அறையில் இருந்தவருக்குப் பிடிக்கவில்லை. என் அப்பாவோ அதற்குள் கோயிலில், பூசை முடிந்து வெளியே வருகிற எல்லோரிடமும், “எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது” என்று சொல்லியாகிவிட்டது. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், எதைச் சொல்வதானாலும் நாலு பேர் காதுக்கு எட்டும்படி உரக்கத்தான் சொல்வார். நான் கீழ் மாடிக்குப் போனால் அவர் கோயிலுக்கே போக மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பிழை ஒன்று இருந்தது. பதிந்த பெயர்களில் ஒன்று காணாமல் போகும். எப்போதும் அல்ல, சில சமயம் மட்டும். நான் அவரிடம் போய்ச் சொல்வேன். அவர் நாற்காலியைத் திருப்பாமலே கேட்பார்.

“எந்தப் பேரு?”

சொல்வேன். அந்தப் பெயரைத் தன் டெர்மினலில் பதிவார். பெயர் பத்திரமாக இருக்கும்.

“என் டெர்மினல்ல அந்தப் பிழை வரலயே லா. நீங்க என்னத்தையாச்சும் தப்பா அடிச்சிருப்பீங்கம்மா.”

அந்த ‘ம்மா’வை மரியாதைக்காகச் சொல்லவில்லை. என்னை மட்டம் தட்டும்போது மட்டும்தான் அது வரும். பிறகு மேலாளரிடம் போய் ஆங்கிலத்தில், இந்தப் பெண்ணுக்குக் கவனம் போதாது என்று சொல்லிவிட்டு வருவார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

நான் தப்பாக அடிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், காட்டத்தான் முடியவில்லை. திரையில் கட்டங்களை நிரப்பி அனுப்பியதும் திரை துடைத்துவிட்டாற்போல் வெறுமையாகிவிடும். நான் என்ன அனுப்பினேன் என்பதற்கு என் வாய்ச்சொல்தான் சாட்சி. அந்த அறையில் என் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதைத்தான் இப்போது சொன்னேன்.

கட்டங்களை எப்படி நிரப்பினாலும், உள்ளே அது ஒரே வரிக் கட்டளையாக மாறித்தான் கம்பியில் போகும். அந்த வரியைப் போகிற வழியில் பிடித்து, அப்படியே பிரிண்டரில் அச்சடிக்கிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். எங்கள் அறையில் எந்த டெர்மினலிலிருந்து என்ன போனாலும், அதற்கு என்ன பதில் வந்தாலும் வரிசைப்படி அச்சாகும். அந்த வரியை யார் வேண்டுமானாலும் வெறும் திரையில் மறுபடி அடிக்கலாம், கட்டம் ஒன்றும் நிரப்ப வேண்டாம். எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். இனிமேல் நான் எதையும் வர்ணிக்கத் தேவையில்லை, வரியைக் கிழித்து நீட்டினால் போதும்.

அவருக்கு ஆத்திரம் வந்தது. “என்னைய வேவு பாக்குறீங்களா?”

“என்னையத்தான் வேவு பாத்துக்கறேன். நீங்க இதை அடிச்சுப் பாருங்க.”

சோதனைக்கு நான் கற்பனைப் பெயர்களைத் தேடவில்லை. மார்சிலிங்கில் நாங்கள் குடியிருந்த மாடியின் வராந்தாவில் வரிசையாக இருந்த வீடுகளையே பதிந்துகொண்டு போனேன். முதலில் சீன வாத்தியார், அடுத்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய் அக்கா, அடுத்தது நான். இந்த மூன்றையும் இதே வரிசையில் அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் மலாய் அக்கா காணாமல் போனார். தனியாக அவரை மட்டும் பதிந்தால் இருந்தார். பிழை அந்தப் பெயரில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மூன்று வரிகளையும் கிழித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் அடித்தார். மலாய் அக்கா அங்கேயே இருந்தார்.

“பாத்தீங்களா?” என்றார்.

“ஒரு எழுத்துகூட மாறாம அடிச்சீங்களா?”

“எனக்கு அடிக்கத் தெரியாதா? இதுக்கு மேல நீங்க மேனேஜர்ட்ட பேசிக்கங்க.”

மேலாளரே வந்துவிட்டார். சீனர், குரலை உயர்த்தாதவர், அதனாலேயே எனக்கு அவரிடம் கூடுதல் பயம். என்ன சத்தம் என்று கேட்டார். இந்தப் பெண் இல்லாத பிழையைக் காட்டி நேரத்தை வீணாக்குகிறாள், புரோகிராமை ஆலைக்குக் கொடுக்கிற நாள் நெருங்கிவிட்டது, இவளைக் கீழே அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கொடுங்கள் என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். என் முகத்துக்கு நேராகவே சொன்னார். கையெழுத்துப் போடாத குறைதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிரிண்டருக்குப் போனேன். அந்தப் புரோகிராம் ஆள் பார்த்து அச்சடிப்பதில்லை. சற்று முன் அவர் தன் கையால் அனுப்பிய மூன்று வரிகளும் அங்கே அச்சாகியிருந்தன. அதைக் கிழித்து, அவர் மேசையில் கிடந்த என் தாளோடு சேர்த்து மேலாளர் கையில் கொடுத்தேன். அவர் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வரி ஒன்று போலவே இருந்தது, இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் விரல் நின்றது.

என் வரியில் என் பெயர், பிறகு டி/ஓ, பிறகு அப்பா பெயர். அவருடைய வரியில் என் பெயர் மட்டும்.

சிங்கப்பூரில் தமிழர்களின் அடையாள அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மகன் என்றால் எஸ்/ஓ, மகள் என்றால் டி/ஓ, நடுவில் ஒரு சாய்கோடு, அதற்குப் பிறகு அப்பா. பள்ளிச் சான்றிதழ், வங்கி, மருத்துவமனை என்று எங்கே போனாலும் அது கூடவே வரும். பிறந்ததிலிருந்து கூடவே வந்ததால் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவரும் கவனிக்கவில்லை, ஆனால் வேறு காரணத்தால். அவர் மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. விசிட்டிங் கார்டு, பேனாவில் பொறித்தது, எல்லாவற்றிலும் அப்படித்தான். அப்பாவை எப்போதோ வெட்டி எறிந்துவிட்டார். என் வரியைப் படித்து அடிக்கும்போதும் அவர் விரல்கள் பழக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டன.

இது என்ன என்று மேலாளர் கேட்டார்.

“அது சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது. பேருக்கு அது தேவையே இல்ல,” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே மேலாளரிடம் ஆங்கிலத்தில் இன்னும் மெருகாகச் சொன்னார்.

“தேவையில்லாததையும் சேத்து அடிங்க,” என்றேன்.

அடித்தார். மலாய் அக்கா காணாமல் போனார்.

அவர் மண்டையில் சரக்கு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் சாய்கோடு வந்தால் அடுத்த எழுத்து ஒரு உத்தரவு. சாய்கோடும் ஓவும் சேர்ந்தால், கடைசியாகப் பதிந்ததை அழித்துவிட்டு அதன் மேல் எழுது என்று பொருள். எஸ்/ஓ, டி/ஓ போட்ட ஒவ்வொரு தமிழரும் பதிவுக்குள் வரும்போது, முன்னால் நின்றவரைத் தள்ளிவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார். இதை அவர் தானே கண்டுபிடித்ததைப் போல மேலாளருக்கு விளக்கினார். மேலாளர் தலையாட்டினார். எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் முடிந்தது.

திருத்துவதற்கு நாள் பிடிக்கும் என்றார் அவர். அதற்குப் பதில், பெயரில் சாய்கோடு இருந்தால் ஏற்காமல் திருப்பி அனுப்பும்படி ஒரு வரி சேர்த்துவிடலாம், எஸ்/ஓவும் அப்பா பெயரும் வேண்டாம் என்று பதிகிறவர்களுக்குச் சொல்லிவிடலாம். மேலாளர் சரி என்றார். துவாஸ் ஆலையில் வேலை பார்க்கிற அத்தனை தமிழர்களின் அப்பாக்களும் அந்த ஒரு தலையாட்டலில் போனார்கள். மலாய்க்காரர்களின் அப்பாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் பெயரில் அப்பாவுக்கு முன்னால் பின், பிந்தே என்றுதான் வரும், சாய்கோடு கிடையாது.

என் வேலை நிரந்தரமானது. மேலாளர் கை குலுக்கினார். ஆலைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் எல்லோருக்கும் எங்கள் புரோகிராமிலேயே புதிய பாஸ் அடித்துக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் பாஸைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் படத்தைப் பார்த்தார், பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு பாஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“நம்ம பேரு இதுல இல்லையா?” என்றார்.

“கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதுப்பா.”

“ஓ,” என்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அதை மெதுவாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு அந்தப் பாஸை அவர் கோயிலில் யாரிடமும் காட்டவில்லை.

திங்கட்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். வெறும் திரையில் என் பெயரை டி/ஓ போட்டு, அப்பா பெயரோடு அடித்து அனுப்பினேன். ‘பெயர் செல்லாது’ என்று பதில் வந்தது. வரியும் பதிலும் அச்சாயின. கிழித்து, பிழை என்று மேலே எழுதி, அவர் மேசையில் வைத்தேன்.

அவர் வந்து பார்த்தார். “இது பிழை இல்ல. அப்படித்தான் வச்சிருக்கோம்.”

“எனக்குப் பிழைதான்.”

கசக்கிக் கூடையில் போட்டார். மறுநாளும் வைத்தேன், அதற்கு மறுநாளும். ஒரு எழுத்துகூட மாறாமல் அதே வரியை அனுப்பினேன், அதே பதில் வந்தது. யாரும் என் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. மேலாளரிடம் போய் இந்தப் பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று இவர் சொன்னார். நான் வைப்பதை நிறுத்தவில்லை. அவர் முகத்தைக் காலையிலேயே கெடுப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை பிரிண்டரில் நான் அனுப்பாத வரி ஒன்று கிடந்தது. முந்தின நாள் நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவர் டெர்மினலிலிருந்து போயிருந்தது. அவர் பெயர், எஸ்/ஓ, அதற்குப் பிறகு நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். நல்ல நீளமான பழைய தமிழ்ப் பெயர். அதற்கும் கீழே ‘பெயர் செல்லாது’ என்று இருந்தது. அவர் அதை மறுபடியும் அனுப்பியிருந்தார். மறுபடியும் அதே பதில்.

நான் வழக்கம்போல என் வரியை அனுப்பினேன். அவருடையதையும் என்னுடையதையும் பிரிக்காமல், ஒரே தாளாகக் கிழித்து, பிழை என்று மேலே எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து படித்தார். கசக்கவில்லை.

அந்த வாரமே சாய்கோட்டை ஏற்கும்படி புரோகிராம் மாறியிருந்தது. “இனிமே காலையில பேப்பர் வைக்காதீங்க,” என்றார், அவ்வளவுதான். அந்தத் தடவை ‘ம்மா’ வரவில்லை. மதியம் வேறு வேறு மேசையில்தான் சாப்பிட்டோம்.

அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அவர் அப்பாவின் பெயரை மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் என்னால் சொல்ல முடியும்.